கிரெடிட் ரிப்போர்ட்டில், பேக்ரவுண்ட் செக்கில் தவறு வந்தால்: அமெரிக்காவில் சட்ட உதவி பெறுவது எப்படி

நீங்கள் வாங்காத ஒரு கடன் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில், இருக்கிறது. வங்கிக்குப் போன் செய்கிறீர்கள். "சரிசெய்துவிடுகிறோம்" என்கிறார்கள். மறுபடி போன், மறுபடி அதே பதில். ஆறு மாதம் கழித்து வக்கீலைப் பார்க்கப் போனால் அவர் முதலில் கேட்பது, "பியூரோவுக்கு எழுத்தில் டிஸ்பியூட் அனுப்பினீர்களா?" பியூரோ என்பது அந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் நிறுவனம். டிஸ்பியூட் என்பது அதில் தவறு இருக்கிறது என்று நீங்கள் எழுப்பும் ஆட்சேபணை. அனுப்பவில்லை என்றால், வங்கியோடு மல்லுக்கட்டிய அந்த ஆறு மாதமும் சட்டத்தின் கணக்கில் பெரிதாக வராது. கையில் நியாயம் இருந்தும் பலருடைய வழக்கு முடங்குவது இந்த இடத்தில்தான். ஆகவே, நீதிமன்றத்தைவிட, நீதிமன்றத்துக்குப் போகும் முன் சேர வேண்டிய காகிதங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறோம்.

சட்டம் யாருக்கு, யார்மேல்

1970-இல் இயற்றப்பட்ட ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட்தான் இதற்கான மத்திய சட்டம். எஃப்சிஆர்ஏ என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்தச் சட்டத்தில் நுகர்வோர் என்றால் ஒரு தனிமனிதர், அவ்வளவுதான். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சொல்லுக்குள் இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவரும் எஃப்-1 மாணவரும் இதே உரிமையோடு கடிதம் எழுதலாம், வழக்கும் போடலாம். "ஊர்விட்டு ஊர் வந்து நமக்கெதுக்கு வம்பு" என்று ஒதுங்குகிறவர்கள் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

சட்டத்தின் பிடியில் மூன்று தரப்பினர் இருக்கிறார்கள். ரிப்போர்ட் தயாரித்து விற்பவர்கள் முதல் தரப்பு. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பெரிய பியூரோக்களோடு, ஹையர்ரைட், ஃபர்ஸ்ட் அட்வான்டேஜ், செக்கர் போன்ற பேக்ரவுண்ட் செக் (வேலைக்கு எடுக்கும் முன் நடக்கும் பின்னணிச் சோதனை) நிறுவனங்களும், வங்கிக் கணக்கு வரலாற்றைச் சேர்க்கும் செக்ஸ்சிஸ்டம்ஸும் இதில் அடங்கும். அவர்களுக்குத் தகவல் கொடுக்கும் வங்கி, கார்டு கம்பெனி, கலெக்‌ஷன் ஏஜென்சி (பாக்கியை வசூலிக்கும் நிறுவனம்) இரண்டாம் தரப்பு. ரிப்போர்ட்டை வாங்கி முடிவெடுக்கும் முதலாளி, வீட்டு உரிமையாளர், கடன் கொடுப்பவர் மூன்றாம் தரப்பு. ஒவ்வொருவர்மேலும் வேறு வேறு கடமை. யார் எதில் தவறினார் என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய பிரிவு 623. தவறான தகவல் கொடுக்கக்கூடாது என்று 623(ஏ) தகவல் கொடுப்பவரைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அதை மீறினால் தனிமனிதர் இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட முடியாது. அரசு அமைப்புகள்தான் நடவடிக்கை எடுக்கலாம். 623(பி) வேறு. டிஸ்பியூட் பியூரோ வழியாக வந்து சேர்ந்தால் ஒழுங்காக விசாரிக்க வேண்டும் என்கிறது அது. அதை மீறினால் நீங்களே வழக்குப் போடலாம். வங்கிக்கு நேரே எழுதிய நூறு கடிதம் தராத உரிமையை, பியூரோவுக்கு அனுப்பிய ஒரு கடிதம் தரும். வங்கிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், தவறில்லை. பியூரோவுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

முதல் படி: ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள்

மூன்று பியூரோவின் ரிப்போர்ட்டும் வேண்டும். ஒன்றில் இருக்கும் தவறு மற்றதில் இல்லாமல் இருக்கலாம். ஒரே கணக்கு மூன்றிலும் மூன்று விதமாகக்கூட இருக்கலாம். ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் என்ற தளத்தில் மூன்றையும் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். இணையத்தில் அடையாளக் கேள்விகளைத் தாண்ட முடியவில்லை என்றால் 1-877-322-8228 என்ற எண்ணில் கேட்டால் தபாலில் வரும். அந்தக் கேள்விகளில் நீங்கள் கேள்விப்படாத தெருப் பெயரும் கார் கடனும் வந்தால், அதுவே உங்கள் கோப்பில் வேறொருவர் கலந்திருப்பதற்கான முதல் தடயமாக இருக்கலாம். அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

கிரெடிட் ஸ்கோர் காட்டும் செயலியின் ஸ்கிரீன்ஷாட் ரிப்போர்ட் ஆகாது. அதில் கணக்கின் முழு வரலாறு இருக்காது. அத்தகைய சேவைகளைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு: பியூரோக்களின் கண்காணிப்புச் சேவைகளில் சேரும்போது ஏற்றுக்கொள்ளும் விதிமுறைகளில், தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் தனியார் நடுவர் மன்றத்துக்குத்தான் போவேன் என்ற ஒப்புதல் பெரும்பாலும் இருக்கும். ஏற்கெனவே சேர்ந்திருந்தால் பதற வேண்டாம். சேர்ந்த தேதியைக் குறித்து வைத்து வக்கீலிடம் சொல்லுங்கள். சில ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுதிக் கொடுத்து அந்த விதியிலிருந்து விலகவும் வழி இருக்கும்.

எடுத்த ரிப்போர்ட்டை அன்றே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். நாளை தவறு நீங்கிவிட்டால், அது இருந்ததற்கான சாட்சி இந்தப் பிரதி மட்டும்தான்.

நம் பெயரும் கலப்புக் கோப்பும்

ஒருவரின் கோப்பில் இன்னொருவரின் கடன் வந்து சேர்வதைக் கலப்புக் கோப்பு என்பார்கள். பியூரோவின் கணினி பெயர், முகவரி, பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒன்பது இலக்கமும் அப்படியே ஒத்திருந்தால்தான் சேர்க்கும் என்று நினைக்க வேண்டாம். மற்ற விவரங்கள் நெருங்கி வந்தால் எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் மாறியிருந்தாலும் இருவரை ஒருவராக்கிவிடும்.

தமிழர் பெயர்கள் இதில் எளிதாகச் சிக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகிறது. கடைசிப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று முதல் பெயராகவே ஏறுகிறது. இப்படி ஒரே ஆள் வங்கியில் கார்த்திகேயன் சுப்பிரமணியன், அலுவலகத்தில் சுப்பிரமணியன் கார்த்திகேயன், ஓட்டுநர் உரிமத்தில் எஃப்என்யூ கார்த்திகேயன் என்று மூன்று பேராகிவிடுகிறார். மறுபுறம், அண்ணனுக்கும் தம்பிக்கும் கடைசிப் பெயர் ஒன்று, வீட்டு முகவரி ஒன்று, முதல் பெயரின் தொடக்க எழுத்தும் சில சமயம் ஒன்று. 2011 ஜூன் மாதத்துக்கு முன் சோஷியல் செக்யூரிட்டி எண்கள் வரிசையாகவே கொடுக்கப்பட்டதால், அப்போது ஒரே நாளில் சேர்ந்து விண்ணப்பித்த கணவன் மனைவிக்குக் கடைசி இலக்கம் மட்டும் மாறிய எண்கள் வந்திருக்கலாம். ஒரே அடுக்ககத்தில் அடுத்தடுத்துக் குடியிருந்த ஒரே பெயர்க்காரர்கள் கதையும் இதுதான்.

ஆகவே ரிப்போர்ட்டைத் திறந்ததும் கடன் பட்டியலுக்குப் பாயாமல், மேலே இருக்கும் சொந்த விவரப் பகுதியைப் படியுங்கள். பெயரில் எழுத்துப் பிழை மட்டும் என்றால் பெரிய ஆபத்தில்லை. நீங்கள் குடியிருக்காத முகவரி, உங்களுடையதல்லாத பிறந்த ஆண்டு, மாறிய சோஷியல் செக்யூரிட்டி எண் (எஸ்எஸ்என்) ஆகியவை இருந்தால் அவற்றையும் டிஸ்பியூட்டில் சேருங்கள். தவறான கணக்கை மட்டும் நீக்கச் சொல்லி, அதைக் கொண்டுவந்த முகவரியை விட்டுவைத்தால் அது மறுபடி அடுத்த கணக்கைக் கொண்டுவரும்.

கணக்குகளில் பார்க்க வேண்டியவை: உங்களுடையதல்லாதது, கட்டி முடித்தும் பாக்கி காட்டுவது, கட்டிய மாதத்தைக் கட்டவில்லை என்று காட்டுவது, ஒரே கடனை வங்கி ஒருமுறையும் கலெக்‌ஷன் ஏஜென்சி ஒருமுறையும் பாக்கியாகக் காட்டுவது, உயிரோடிருப்பவரை இறந்தவர் என்று குறிப்பது. பழைய கடன் என்றால் முதன்முதலில் தவணை தவறிய தேதியைப் பாருங்கள். பெரும்பாலான எதிர்மறைத் தகவல் ஏழு ஆண்டுதான் இருக்கலாம். திவால் மட்டும் பத்து ஆண்டு. கடன் கை மாறும்போது அந்தத் தேதியைப் புதிதாக்கி ஆயுளை நீட்டுவது சட்ட மீறல்.

டிஸ்பியூட் கடிதம்

வழக்கின் முதுகெலும்பு இதுதான். இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள்.

தொடக்கத்தில் உங்கள் முழுப் பெயர், பெயரின் மற்ற வடிவங்கள், பிறந்த தேதி, எஸ்எஸ்என், இப்போதைய முகவரி, கடந்த இரண்டு ஆண்டு முகவரிகள். ஓட்டுநர் உரிமத்தின் நகலும், முகவரியைக் காட்டும் மின்கட்டண ரசீதோ வங்கி அறிக்கையோ ஒன்றும் வையுங்கள். இது இல்லையென்றால் "அடையாளம் உறுதியாகவில்லை" என்று கடிதத்தை ஓரம் கட்டிவிடுவார்கள், மாதம் ஒன்று வீணாகும்.

அடுத்து ரிப்போர்ட்டின் எண்ணும் தேதியும். பிறகு ஒவ்வொரு தவறுக்கும் ஒரு பத்தி: கொடுத்தவர் பெயர், ரிப்போர்ட்டில் உள்ளபடியே கணக்கு எண், என்ன தவறு, எது சரி, அது சரி என்று எப்படித் தெரியும், என்ன செய்ய வேண்டும். "இது என்னுடையதல்ல" என்று ஒற்றை வரியில் விடாதீர்கள். "இந்தக் கணக்கு 2019 மார்ச்சில் ஓஹையோவில் திறக்கப்பட்டதாக உள்ளது. நான் அமெரிக்கா வந்தது 2021 ஆகஸ்டில். பாஸ்போர்ட்டின் நுழைவு முத்திரையை இணைத்திருக்கிறேன். இதே கடைசிப் பெயர் உள்ள வேறொருவரின் கணக்கு இது என்று கருதுகிறேன். நீக்கவும்" என்று எழுதினால், அதை ஒதுக்கிவிட்டு "சரிபார்த்தோம்" என்று சொன்ன விசாரணை நீதிமன்றத்தில் ஜூரியின் முன் நிற்காது.

இவ்வளவு விவரம் ஏன்? பியூரோக்கள் உங்கள் டிஸ்பியூட்டை இ-ஆஸ்கர் என்ற கணினி அமைப்பில் ஒரு குறியீட்டு எண்ணாக்கி, ஓரிரு வரிக் குறிப்போடு வங்கிக்கு அனுப்புகின்றன. வங்கியில் ஒருவர் தன் திரையில் இருக்கும் பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டு "பொருந்துகிறது" என்று சொடுக்கிவிடுவார். தவறான தகவலைத் தவறான தகவலோடு ஒப்பிட்டால் பொருந்தத்தானே செய்யும்! கடிதம் விவரமாக இருந்தால் இந்த இயந்திர விசாரணை போதாது என்று பின்னால் நிறுவ முடியும். அதுதான் பெரும்பாலான வழக்குகளின் சாரமே.

ரிப்போர்ட்டில் தவறான பக்கங்களை வட்டமிட்டு நகல் வையுங்கள். மூலப் பத்திரம் எதையும் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பியூரோவுக்கும் தனிக் கடிதம், சர்டிஃபைட் மெயிலில் (பதிவுச் சான்றுள்ள தபால்), ரிட்டர்ன் ரசீட்டோடு (பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு). எக்ஸ்பீரியனுக்கு டெக்சாஸ் மாநிலம் ஆலன், பி.ஓ. பாக்ஸ் 4500, அஞ்சல் எண் 75013. டிரான்ஸ்யூனியனுக்குப் பென்சில்வேனியா மாநிலம் செஸ்டர், பி.ஓ. பாக்ஸ் 2000, அஞ்சல் எண் 19016. ஈக்விஃபாக்ஸுக்கு ஜார்ஜியா மாநிலம் அட்லாண்டா, பி.ஓ. பாக்ஸ் 740256, அஞ்சல் எண் 30374. உங்கள் ரிப்போர்ட்டில் வேறு முகவரி அச்சாகியிருந்தால் அதற்கே அனுப்புங்கள். உறையை ஒட்டும் முன் உள்ளே வைக்கும் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். இணையப் படிவத்தில் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், எழுதவும் இடம் குறைவு. போனில் செய்தால் என்ன சொன்னீர்கள் என்பதற்கு உங்களிடம் தடயமே இருக்காது.

இணையத்தில் உலவும் "609 கடிதம்" பற்றி ஒரு வார்த்தை. கையொப்பமிட்ட மூல ஒப்பந்தத்தைக் காட்டாவிட்டால் கடனை நீக்க வேண்டும் என்று 609-ஆவது பிரிவு சொல்வதாக அது கூறும். அந்தப் பிரிவு உங்கள் கோப்பை உங்களுக்குக் காட்டச் சொல்வது மட்டுமே. இப்படி அச்சு மாறாமல் வரும் கடிதங்களைப் பியூரோக்கள் அற்பமானவை என்று தள்ள முயலும். உங்கள் உண்மையான குறையும் அதோடு போகும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு ரிப்போர்ட்டைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் கிரெடிட் ரிப்பேர் நிறுவனங்களும் அதே ரகம். வேலையை முடிக்கும் முன் கட்டணம் வாங்கக்கூடாது, கையெழுத்திட்ட மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் ரத்து செய்யலாம் என்று 1996-இல் வந்த தனிச் சட்டமே அவர்களுக்காக இருக்கிறது. அவர்கள் பெயரில் போகும் கடிதத்தை நுகர்வோர் அனுப்பியதாகக் கருத வேண்டாம் என்ற வாதத்துக்கும் இடம் உண்டு. கடிதத்தை நீங்களே எழுதுங்கள், நீங்களே கையெழுத்திடுங்கள்.

யாரோ உங்கள் பெயரில் கடன் வாங்கியிருந்தால் இன்னும் வேகமான வழி இருக்கிறது. ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் புகார் பதிந்து, அந்த அறிக்கையையும் அடையாளச் சான்றையும், எந்தக் கணக்கு என்ற குறிப்பையும், அது உங்கள் பரிவர்த்தனை அல்ல என்ற கூற்றையும் பியூரோவுக்கு அனுப்பினால், 605பி பிரிவின்படி நான்கு வேலை நாளுக்குள் அந்தத் தகவலை முடக்க வேண்டும். கூடவே மூன்று பியூரோவிலும் கிரெடிட் ஃப்ரீஸ் (உங்கள் பெயரில் புதுக் கடன் திறக்காதபடி கோப்பைப் பூட்டுவது) போடுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து அது இலவசம். இது மோசடிக்கான வழி. கலப்புக் கோப்புக்கும் வங்கியின் கணக்குப் பிழைக்கும் இதைப் பயன்படுத்தி, நடக்காத திருட்டை நடந்ததாக எழுதாதீர்கள்.

நாட்களை எண்ணுங்கள்

கடிதம் கிடைத்த ஐந்து வேலை நாளுக்குள் பியூரோ தகவல் கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். முப்பது நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். மேலே சொன்ன தளத்தில் எடுத்த இலவச ரிப்போர்ட்டை வைத்து டிஸ்பியூட் செய்திருந்தாலோ, நடுவில் கூடுதல் ஆவணம் அனுப்பினாலோ அது நாற்பத்தைந்து நாள் வரை போகலாம். முடிந்த ஐந்து வேலை நாளுக்குள் முடிவு எழுத்தில் வர வேண்டும். ரிட்டர்ன் ரசீட்டில் இருக்கும் தேதியிலிருந்து எண்ணி நாட்காட்டியில் குறியுங்கள்.

நீக்கிவிட்டார்கள் என்றால் திருத்திய ரிப்போர்ட்டைச் சேமியுங்கள். நீக்கியது மறுபடி ஏறுவதும் உண்டு. அப்படி ஏற்றினால் தகவல் கொடுத்தவர் அது சரியென்று உறுதி கொடுத்திருக்க வேண்டும். பியூரோவும் ஐந்து வேலை நாளுக்குள் உங்களுக்கு எழுத வேண்டும். "சரிபார்த்தோம், தகவல் சரியே" என்று வந்தால், எப்படிச் சரிபார்த்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதினைந்து நாளுக்குள் சொல்ல வேண்டும். புதிய ஆவணம் இருந்தால் இரண்டாவது டிஸ்பியூட் அனுப்புங்கள். அதுவும் பயன்படாவிட்டால் வக்கீலைப் பார்க்க நேரம் வந்துவிட்டது. அதே கடிதத்தை ஆறு முறை அனுப்புவதில் பலன் இல்லை. நூறு வார்த்தைக்குள் உங்கள் தரப்பு விளக்கத்தைக் கோப்பில் சேர்க்கும் உரிமையும் இருக்கிறது. அதனால் ஸ்கோர் மாறாது, அதை நம்பி நின்றுவிடாதீர்கள்.

நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி-யிடம் இணையத்தில் புகார் செய்யலாம். சில நேரம் அதுவே வேலையை முடித்துவிடும். ஆனால் அந்தப் புகாரை டிஸ்பியூட் கடிதத்துக்கு மாற்றாக எண்ணாதீர்கள். கடிதம் தனியாகப் போகட்டும்.

பேக்ரவுண்ட் செக்: இங்கே பாதை வேறு

கிரெடிட் விஷயத்தில் வழக்கு பெரும்பாலும் டிஸ்பியூட்டுக்குப் பிறகே உயிர் பெறும். பேக்ரவுண்ட் செக்கில் முதல் ரிப்போர்ட்டே வழக்குக்குக் காரணமாகலாம். ரிப்போர்ட் தயாரிப்பவர் இயன்ற அளவு முழுத் துல்லியத்துக்கான முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது 607(பி). வேலைக்காக நீதிமன்றப் பதிவுகளைத் தருகிறவர், தரும் அந்த நேரத்திலேயே உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும், அல்லது பதிவு இன்றைய நிலைக்குச் சரியாக இருப்பதற்குக் கறாரான முறைகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது 613. பெயர் மட்டும் ஒத்துப்போனது என்று வேறொருவரின் குற்றப் பதிவை உங்கள் தலையில் கட்டினால், டிஸ்பியூட் செய்த மூன்றாம் நாளே திருத்திவிட்டாலும் அதற்குள் வேலை போயிருக்கும். "அதான் சரிசெய்துவிட்டார்களே" என்று விட்டுவிடாதீர்கள்.

முதலாளி உங்களை நிராகரிக்கும் முன் ரிப்போர்ட்டின் நகலையும் உங்கள் உரிமைகளின் சுருக்கத்தையும் தர வேண்டும். பிறகு யோசிக்க நியாயமான அவகாசம் விட வேண்டும். எத்தனை நாள் என்று சட்டத்தில் எண் இல்லை. ஐந்து வேலை நாள் என்பது பரவலான வழக்கம். நகலே தராமல் ஆஃபரை இழுத்துக்கொண்டால் அது முதலாளியின் தனி மீறல், வக்கீலிடம் சொல்லுங்கள்.

அந்த நகலோ நிராகரிப்போ மெயிலில் வந்த அன்றே இரண்டு வேலை. ஹெச்ஆருக்குச் சுருக்கமாக எழுதுங்கள்: ரிப்போர்ட்டில் இன்ன பதிவு என்னுடையதல்ல, இன்று டிஸ்பியூட் செய்கிறேன், முடியும்வரை இடத்தை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன். காத்திருக்கும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்றாலும், ஆதாரத்தோடு கேட்டால் பலர் காத்திருப்பார்கள். அதே நாளில் பேக்ரவுண்ட் செக் நிறுவனத்துக்கு இணையம் வழியாகவும் சர்டிஃபைட் மெயிலிலும் டிஸ்பியூட் அனுப்புங்கள். இங்கே வேகம் முக்கியம், ஆகவே இரண்டும் வேண்டும். முழுக் கோப்பையும் கேளுங்கள். கடந்த இரண்டு ஆண்டில் வேலைக்காக யார் யாருக்கு உங்கள் ரிப்போர்ட் போனது என்பதும் அதில் வரும். முன்பு கை நழுவிய ஆஃபருக்கும் இதுவே காரணம் என்று அப்போதுதான் சிலருக்குத் தெரியும்.

ஆதாரம் எங்கே கிடைக்கும்? வழக்கு எண் ரிப்போர்ட்டில் இருக்கும். அந்தக் கவுன்டி நீதிமன்றத்தின் கிளார்க் அலுவலகத்தில் சான்றிட்ட தீர்ப்பு நகல் கேளுங்கள். குற்றவாளியின் பிறந்த தேதி, நடுப் பெயர், உயரம் உங்களோடு ஒத்துப்போகாது. தள்ளுபடியான வழக்கை நிலுவையில் இருப்பதாகக் காட்டியிருந்தாலும் அதே நகல் பேசும். தண்டனை பெற்ற குற்றத்துக்கு மத்திய சட்டத்தில் ஆண்டு வரம்பு இல்லை. தண்டனையில் முடியாத கைதுக்கு ஏழு ஆண்டு. ஆண்டுச் சம்பளம் 75,000 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலைக்கு அந்த வரம்பும் பொருந்தாது. சில மாநிலங்கள் இன்னும் கடுமை. கலிஃபோர்னியாவில் இதற்கென்றே இருக்கும் சட்டத்தில் 10,000 டாலர் குறைந்தபட்ச இழப்பீடு கேட்க இடம் உண்டு.

ஐடி ஒப்பந்தப் பணியாளர்கள் அடிக்கடி மாட்டுவது வேறொன்றில். ரெஸ்யூமேயில் கிளையன்ட் பெயர் இருக்கும். ஈக்விஃபாக்ஸ் நடத்தும் த ஒர்க் நம்பர் என்ற வேலை, சம்பள விவரப் பதிவில் சம்பளம் கொடுத்த கன்சல்டிங் கம்பெனி இருக்கும். இது ரிப்போர்ட்டின் தவறு ஆகாது. விண்ணப்பத்தில் டபிள்யூ-2 படிவத்தில் (ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் வரிப் படிவம்) உள்ள பெயரையே முதலாளியாக எழுதி, கிளையன்ட்டைப் பக்கத்தில் குறிப்பிடுங்கள். உங்கள் பதிவை அங்கே முன்கூட்டியே இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

எச்-1பி-யில் வேலை இழந்து அடுத்த ஆஃபருக்கு நிற்பவருக்கு அதிகபட்சம் அறுபது நாள்தான் அவகாசம். டிஸ்பியூட்டிலேயே முப்பது போய்விடலாம். ஆகவே இமிக்ரேஷன் வக்கீலுக்கும் அன்றே தெரிவியுங்கள்.

நட்டத்தை எழுதி வையுங்கள்

தவறு இருந்தது என்பது மட்டும் போதாது. 2021-இல் டிரான்ஸ்யூனியன் எதிர் ராமிரெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டமாகச் சொன்னது. பயங்கரவாதிகள் பட்டியலில் இருப்பவராக இருக்கலாம் என்று தவறாகக் குறிக்கப்பட்ட 8,185 பேரில், அந்த ரிப்போர்ட் வெளியாருக்குப் போன 1,853 பேருக்குத்தான் அந்தக் குறைக்காக மத்திய நீதிமன்றத்தில் வழக்காடும் தகுதி என்றது. ஆகவே உங்கள் ரிப்போர்ட் யார் கைக்குப் போனது என்பதைக் காட்டும் காகிதம் பொன் போன்றது.

கடன், வாடகை, வேலை மறுத்தவர்கள் எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள் என்று எழுதித்தர வேண்டும். கூடுதல் முன்பணம் கேட்பதும் அதிக வட்டி போடுவதும்கூட இதில் வரலாம். அந்தக் கடிதம் வந்த அறுபது நாளுக்குள் அந்த ரிப்போர்ட்டை இலவசமாகக் கேட்கலாம். அதிக வட்டிக்குக் கிடைத்த கடன் ஒப்பந்தம், கைவிட்ட வீட்டுக்குக் கொடுத்த முன்பணம், தபால் ரசீது, அலைந்த மணிக்கணக்கு எல்லாவற்றையும் வையுங்கள். தூக்கமின்மை, வீட்டில் வந்த மனக்கசப்பு, டாக்டரைப் பார்த்த நாள் ஆகியவற்றையும் தேதியோடு குறியுங்கள். மன உளைச்சலும் சட்டம் ஏற்கும் நட்டம்தான். அதை வெளியே சொல்ல நம்மவர்கள் தயங்குவார்கள்; குறிப்பேட்டிலாவது எழுதுங்கள்.

உங்களுடையதல்லாத கடனை "தொலையட்டும்" என்று கட்டிவிடாதீர்கள். கட்டினால் அது உங்களுடையது என்று ஒத்துக்கொண்டதாகப் பேசுவார்கள்.

வக்கீலைத் தேடுவது

தேட வேண்டியது நுகர்வோர் தரப்பில் எஃப்சிஆர்ஏ வழக்கு நடத்துபவரை. விசா பார்க்கும் வக்கீலோ திவால் வக்கீலோ நல்லவராக இருந்தாலும் இது அவர் தொழில் அல்ல. நேஷனல் அசோசியேஷன் ஆஃப் கன்ஸ்யூமர் அட்வகேட்ஸ் அமைப்பின் தளத்தில் மாநிலவாரியாகத் தேடலாம். வருமானம் குறைவு என்றால் உங்கள் ஊர் லீகல் எய்ட் (இலவசச் சட்ட உதவி) அலுவலகத்தைக் கேளுங்கள்.

பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். வென்றால் எதிர்த்தரப்பே நியாயமான வக்கீல் கட்டணத்தைத் தர வேண்டும் என்று 616, 617 இரண்டு பிரிவும் சொல்கின்றன. அதனால் பலர் முன்பணம் வாங்காமலே எடுப்பார்கள். அலட்சியத்தால் நேர்ந்த மீறலுக்கு உண்மை நட்டம் கிடைக்கும். தெரிந்தே செய்த மீறலுக்கு உண்மை நட்டம், அல்லது 100 முதல் 1,000 டாலர் வரையிலான சட்ட இழப்பீடு. அதற்கு மேல் தண்டனை இழப்பீடும் வரலாம். ஆபத்தைப் பொருட்படுத்தாமல் நடப்பதும் தெரிந்தே செய்ததில் அடங்கும் என்று 2007-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதல் சந்திப்புக்கு ஒரு பக்கத்தில் தேதிவாரிச் சுருக்கமும், அதற்குப் பின்னால் அதே வரிசையில் ஆவணங்களும் போதும். நீங்கள் கேட்க வேண்டியவை: எத்தனை எஃப்சிஆர்ஏ வழக்கு நடத்தியிருக்கிறீர்கள், தோற்றால் நீதிமன்றச் செலவு யார் தலையில், சமரசத் தொகையை ஏற்பது யார் முடிவு, அதில் உங்கள் பங்கு எப்படிக் கணக்கிடப்படும். பதிலை ஒப்பந்தத்தில் எழுத்தாகப் பாருங்கள்.

காலக்கெடு 618-இல் இருக்கிறது: மீறலைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு, அல்லது மீறல் நடந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு, இதில் எது முந்துகிறதோ அது. கண்டுபிடித்த நாள் எது என்பதிலேயே சண்டை வரும், ஆகவே இரண்டாம் ஆண்டின் கடைசி மாதம்வரை இழுக்காதீர்கள்.

பெரும்பாலான வழக்கு சமரசத்தில் முடியும். கையெழுத்திடும் முன் மூன்றைப் பாருங்கள். எந்தக் கணக்கு, எந்தப் பதிவு, எத்தனை நாளுக்குள் நீங்கும் என்று ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். நீங்கள் விட்டுக்கொடுக்கும் உரிமை இந்தத் தவறோடு நிற்கிறதா, வருங்காலத்தையும் விழுங்குகிறதா என்று கேளுங்கள். மன உளைச்சலுக்கு வரும் பணத்துக்குப் பொதுவாக வரி உண்டு, வக்கீலுக்குப் போகும் பங்கும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படலாம். வரி பார்ப்பவரிடம் முன்பே பேசுங்கள்.

பணம் வந்த இரண்டு மாதம் கழித்து மூன்று ரிப்போர்ட்டையும் மறுபடி எடுங்கள். பழைய கணக்கு திரும்ப ஏறியிருந்தால் அன்றைய பிடிஎஃப்பைச் சேமித்து, பியூரோவுக்குப் புதிய கடிதம் ஒன்றைச் சர்டிஃபைட் மெயிலில் அனுப்பி, அதன் நகலை வக்கீலுக்கும் அனுப்புங்கள்.